இடது பக்க மட்கார்டு

தமிழ்செல்வனின் முழங்கை வண்டிக்குள் போய்விட்டிருந்தது.

கதவு வழியாக அல்ல. கடைசிச் சாமானான பீரோவை இறக்கி வைத்த களைப்பில், பிக்கப் வண்டியின் இடது பக்க மட்கார்டில், அதாவது முன் சக்கரத்துக்கு மேலே கவிழ்ந்திருக்கும் தகரத்தில், முழங்கையை ஊன்றிச் சற்றே சாய்ந்தான். முறுக்கை ஒடித்தது போல ஒரு சத்தம். பிறகு பார்த்தால் கை பாதி உள்ளே இருந்தது.

புது வீட்டு வாசலிலிருந்து அவன் மனைவி சித்ரகலா கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பீரோச் சாவி உங்ககிட்டயா இருக்குது?"

"இருக்குது."

"கொண்டாங்க."

"கொஞ்சம் பொறு. கை உள்ள இருக்குது."

"எதுக்குள்ள?"

"மாமா வண்டிக்குள்ள."

சித்ரகலா இறங்கி வந்தாள். முதலில் ஓட்டையைப் பார்த்தாள். பிறகு தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். கடைசியாகத்தான் அவன் முழங்கையைப் பார்த்தாள். அந்த வரிசையைத் தமிழ்செல்வன் கவனிக்காமல் இல்லை.

கையை மெல்ல உருவிக்கொண்டான். இட்லி அளவு ஓட்டை. ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. மேலே வெள்ளை பெயிண்ட் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல வழவழவென்று இருந்தது.

"துருப் புடிச்சிருக்குது சித்ரா. நான் ஒண்ணும் பண்ணல."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. நீங்க சாஞ்சீங்க, உழுந்துருச்சு. மாமா கேட்டா அப்படித்தானே சொல்லோணும்?"

"மாமா கேக்கவே கூடாது" என்றான் தமிழ்செல்வன்.

அவனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை. ஒரு நாளைக்கு நாலாயிரம் பீஸ் அவன் கண்ணைத் தாண்டிப் போகும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்து, அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவான். அப்படிப்பட்டவன் இரண்டு நாளாக இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான், ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஆனால் அவனை வாட்டியது அது அல்ல. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பெண்வீட்டு வகையறாவிடம் அவன் ஒரு துரும்பு கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன அன்றே "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, பொண்ணு மட்டும் போதும்" என்று சொன்னவன். சொன்னதோடு விடாமல், ஒவ்வொரு விசேஷத்திலும் அதை யாராவது ஒருவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தவன். வீடு மாற்றுகிற இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் முதல்முறையாக வாய் திறந்து, சித்ரகலாவின் தாய்மாமன் லிங்கசாமியிடம் வண்டி கேட்டிருந்தான்.

லிங்கசாமிக்குக் கணியூரில் தென்னந்தோப்பு. தேங்காய் ஏற்றுகிற வண்டி அது. வாங்கிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நம்ம வண்டி இருக்கறப்ப வாடகை வண்டி எதுக்குங்க மாப்ள?" என்று சாவியை அவன் கையில் வைத்து மூடிவிட்டார். "கழுவித் தொடச்செல்லாம் கொண்டார வேண்டாமுங்க. அப்படியே கொண்டாந்து நிறுத்துங்க, போதும்."

'அப்படியே' என்ற அந்தச் சொல்தான் இப்போது தமிழ்செல்வனின் காதுக்குள் நின்றுகொண்டு நகர மறுத்தது.

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா என்னங்க?" என்றாள் சித்ரகலா.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் "முருகன் துணை" என்று சிவப்பில் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று வாங்கி வந்தான். சாமி பெயர் இருந்தால் யாரும் கிழித்துப் பார்க்க மாட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரத்தில் வைத்து, காற்றுக் குமிழி வராமல், கட்டை விரலால் நீவிக்கொண்டே வந்தான். 'முருகன்' நன்றாக ஒட்டிக்கொண்டது. 'துணை'யை நீவும்போது, துணையும் கட்டை விரலும் சேர்ந்து உள்ளே போயின.

இட்லி இப்போது ஊத்தப்பம் ஆகியிருந்தது.

ஸ்டிக்கரை உரித்து, சாமி பெயர் என்பதால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹார்டுவேர் கடைக்கு நடந்தான். கடைக்காரர் வெள்ளையில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு உருண்டை பசை கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து அப்பினால் கல்லாகிவிடும், தண்ணீர்த் தொட்டி ஓட்டையையே அடைக்கும் என்றார்.

"எத்தனை பெரிய ஓட்டைங்க?" என்று அவர் கேட்டார்.

"சின்னதுதானுங்க" என்று சொல்லிவிட்டு ஆறு பாக்கெட் வாங்கிக்கொண்டான்.

பிசைந்ததைச் சித்ரகலா சப்பாத்திக் கட்டையில் வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தாள். அவன் அதை ஓட்டையின் மேல் விரித்து ஓரத்தை அமுக்கினான். சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. இருவரும் நின்று அதைப் பார்த்தார்கள். அன்றைக்கு முதல்முறையாக டீ குடித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது கல் தரையில் கிடந்தது. கல் கல்லாகத்தான் இருந்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் கனம் தாங்காமல், அதைப் பிடித்துக்கொண்டிருந்த தகரமும் கூடவே பெயர்ந்து வந்துவிட்டது. மட்கார்டு இருந்த இடத்தில் மேலே இருந்து பார்த்தால் டயர் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. அப்போது வீட்டுக்கே ஒரு செல்போன்தான். தமிழ்செல்வன் அதைச் சட்டைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்தான்.

"மாப்ள, லிங்கசாமி பேசறனுங்க. சாமானெல்லாம் எறக்கியாச்சுங்களா?"

"ஆச்சுங்க மாமா. இன்னொரு நடை மட்டும் இருக்குதுங்க. கட்டில்." கட்டில் அவனுக்குப் பின்னால்தான் கிடந்தது. அதன்மேல்தான் சித்ரகலா உட்கார்ந்திருந்தாள்.

"அவசரமே இல்லீங்க மாப்ள. எதையும் அரைகுறையா உட்றாதீங்க. நாலு நாளானாலும் நல்லா முடிச்சுட்டே கொண்டாங்க."

போனை வைத்தபோது தமிழ்செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"இப்படிப்பட்ட மனுசன் வண்டியைப் போயி" என்றான்.

"அதுக்குத்தானுங்க சொல்றேன். நல்ல டிங்கராப் பாருங்க" என்றாள் அவள்.

மங்கலம் ரோட்டில் ஜெயபாண்டியின் டிங்கரிங் பட்டறை இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, தையல் மிஷினுக்கும் தனக்கும் ஒத்துவராது என்று ஆறே நாளில் தெரிந்துகொண்டு, சுத்தியலைக் கையில் எடுத்தவர். வண்டியைச் சுற்றி வந்தார். டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பது போலச் சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டினார். தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது.

"என்னண்ணே இது" என்றார்.

"ஏனுங்க?"

"இந்தப் பக்கம் தகரமே இல்லையேண்ணே. பெயிண்டுதான் பழக்க தோசத்துல நின்னுக்கிட்டு இருக்கு."

"வெல்டிங் வெச்சு ஒட்டுப் போட்டுற முடியாதுங்களா?"

"போடலாம். எதோட சேத்துப் போட? ஒட்டுன்னா புடிச்சுக்கிற ஒரு எடம் வேணும்ல."

"கொஞ்சமா வெச்சுப் பாருங்களேன்."

ஜெயபாண்டி கேஸ் வெல்டிங்கைப் பற்றவைத்து ஓரத்தில் காட்டினார். நெருப்பைக் கண்டதும் ஓட்டை விலகி விலகி ஓடியது. ஊத்தப்பம் முறமாகியது. அவர் நெருப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும்ணே. அதுதான் வழி."

"எவ்வளவு தூரத்துல வருமுங்க?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

கிணறு வெட்டுகிறவர்கள் சொல்கிற மாதிரி சொன்னார். அதே மாதிரிதான் நடந்தது. திங்கட்கிழமை மட்கார்டு போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் கால் வைத்து ஏறுகிற பலகை போயிற்று. மத்தியானம் கேபினின் கீழ் மூலை போயிற்று. சாயங்காலம் இடது கதவின் கீழ்ப்பாதி, யாரும் தொடாமலே, தானாக இறங்கிக்கொண்டது. வேலை முடிந்து கம்பெனியிலிருந்து நேராக வந்த தமிழ்செல்வன் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டான். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு வண்டி. இடது பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர் இன்ஜினும் ஒரு சீட்டும்.

"ஆனா ஒண்ணுண்ணே" என்றார் ஜெயபாண்டி, ஆறுதலாக. "அந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்கு. கேளுங்க." வலது கதவைத் தட்டினார். கணீரென்றது. "பின்னாடி பலகையும் அப்படித்தான். நல்ல கனமான தகரம். இந்தப் பக்கம்தான் இப்புடி."

தமிழ்செல்வன் தலையைப் பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களா? மனுசன் வண்டியை எவ்வளவு பத்திரமா வெச்சிருந்திருக்காரு. நான்தான் ஒரு பக்கத்தை அழிச்சுட்டேன்."

ஜெயபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, சுத்தியலையும் கூடவே எடுத்தார். தமிழ்செல்வன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போதுமுங்க. இனி எதையும் தட்ட வேண்டாம்."

செலவைப் பற்றிச் சித்ரகலா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் அவர்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை வந்தது அந்த வாரத்தில்தான்.

புதன்கிழமை செல்போன் சித்ரகலாவிடம் இருந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. பேசியது லிங்கசாமியின் மனைவி வேலாத்தாள்.

"ஏங்கண்ணு, நல்லா இருக்கீங்களா? சும்மாத்தான் கூப்புட்டேன்."

இவ்வளவுதான் வேலாத்தாள் சொன்னாள். வண்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்த சித்ரகலாவுக்கு அது விசாரணை மாதிரிக் கேட்டது.

"வண்டியை இன்னைக்கே கொண்டாந்து உட்றலாம்னுதானுங்க அத்தை இருந்தோம். அவரு பழனிக்கு ஒரு வேண்டுதல் வெச்சிருக்காரு. அதான், வண்டி இருக்கறப்பவே போயிட்டு வந்தறலாம்னு."

"நல்லதாப் போச்சு. என்ன வேண்டுதல்?"

சித்ரகலா வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில், தலை சீவிக்கொண்டிருக்கும் புருஷன் தெரிந்தான்.

"மொட்டைங்க அத்தை" என்றாள்.

சீப்பு பாதியில் நின்றது. முப்பத்தாறு வயதில் தமிழ்செல்வனிடம் மற்றவர்கள் பார்த்துப் பொறாமைப்பட ஏதாவது இருந்தது என்றால் அது தலைமுடி ஒன்றுதான். கம்பெனியில் அதற்கென்றே ஒரு பெயர் இருந்தது.

"பழனிக்குன்னா நம்மூரு பக்கத்துலதானே போவீங்க? மத்தியானச் சோத்துக்கு இங்க வந்துருங்க" என்றாள் வேலாத்தாள்.

"இல்லீங்க அத்தை, நாங்க தாராபுரம் வழியாப் போறமுங்க."

"அது சுத்துங் கண்ணு."

"அந்த வழியாப் போறதாத்தானுங்க வேண்டுதலே."

மறுமுனையில் லிங்கசாமியின் குரல் தூரத்தில் கேட்டது: "எந்த வழியாப் போனா என்ன, அவங்களை அவசரப்படுத்தாத வேலாத்தா."

போனை வைத்துவிட்டுச் சித்ரகலா திரும்பினாள்.

"வேற ஏதாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?" என்றான் தமிழ்செல்வன். "பால்குடம், காவடி, எத்தனை இருக்குது."

"வாயில அதுதானுங்க வந்துச்சு."

"சரி. நம்ம சலூன்லயே எடுத்துக்கறேன்."

"முருகன் பேர்ல சொன்னதுங்க. பொய்யாயிரும்."

மடித்துச் சட்டைப் பையில் வைத்த ஸ்டிக்கர் நினைவுக்கு வரவும் அவனுக்கும் தைரியம் போய்விட்டது. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாமல் தாராபுரம் வழியாக, இரண்டு பஸ் மாறிப் பழனிக்குப் போனான். முடி எடுக்கிற கொட்டகையில் முன்னால் உட்கார்ந்தவர் தலையை நனைத்துவிட்டு, "என்ன வேண்டுதலுங்க?" என்று பேச்சுக் கொடுத்தார்.

"மட்கார்டு" என்றான் தமிழ்செல்வன்.

அவர் தலையை இன்னொரு தரம் நனைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜெயபாண்டி வேலையை முடித்திருந்தார். நிஜமாகவே நல்ல வேலை. புதுத் தகரத்தில் மட்கார்டு, பலகை, கேபின் மூலை, கதவு. பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பெயிண்டும் அடித்துவிட்டார். வெயிலில் அது கண்ணைக் கூசியது. பக்கத்தில் இருந்த பழைய பேனட், வேட்டிக்குப் பக்கத்தில் வைத்த கோணிச் சாக்கு மாதிரி இருந்தது.

"எப்புடிண்ணே?" என்றார் ஜெயபாண்டி, மொட்டைத் தலையைப் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல்.

"ரிஜெக்ட்" என்றான் தமிழ்செல்வன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஷேடு சேரலீங்க. பாத்த ஒடனே தெரிஞ்சுரும்."

"வெள்ளைன்னா வெள்ளைதானேண்ணே."

வெள்ளையில் பதினேழு வகை பார்த்தவன் அவன். வண்டியைச் சுற்றி வந்தான். தொழில்கண்ணோடு பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த ஒரே வண்டியில் நாலு வெள்ளை இருந்தது. வலது கதவு ஒரு வெள்ளை, பின்பலகை ஒரு வெள்ளை, பேனட் இன்னொரு வெள்ளை. வெயில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி அடித்திருக்கும் என்று முடிவு செய்து, பேனட் வெள்ளையையே எடுத்துக்கொண்டான். ஜெயபாண்டி மஞ்சளும் கறுப்பும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, சின்னத் தகரத் துண்டுகளில் பூசிக் கொடுத்தார். கூடவே பேனட்டிலிருந்து உதிர்ந்த பெயிண்ட் சில்லு ஒன்றையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனான்.

துணியின் ஷேடு பார்க்கிற விளக்குப் பெட்டி கம்பெனி லேபில் இருந்தது. லேபில் இருந்த தேவிப்பிரியா தகரத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். இது துணியில்லையே என்று கேட்கவில்லை. திருப்பூரில் சரக்கு வாங்க வருகிற எந்த பையர் எதைக் கேட்பான் என்று யாருக்குத் தெரியும்.

"மூணாவது சரியா இருக்குதுங்க சார். பையர் எந்த ஊருங்க?"

"கணியூர்."

"ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்களா?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டாரு" என்றான் தமிழ்செல்வன். "அதான் பயமா இருக்குது."

மூன்றாவது பெயிண்டை அடித்த பிறகு நிறம் சேர்ந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை இன்னொரு குறை கண்ணில் பட்டது. பழைய மட்கார்டின் முன்னால் தேங்காய் அளவு ஒரு நெளிசல் இருந்தது. புதியதில் அது இல்லை. பழையதை அறுத்துப் போடும் முன்பே அந்த நெளிசலை டேப்பால் அளந்து சிகரெட் அட்டையில் குறித்து வைத்திருந்தான்.

"நீளம் அஞ்சேகால் இஞ்ச், ஆழம் ஒண்ணு" என்று அட்டையை நீட்டினான்.

ஜெயபாண்டி அட்டையைப் பார்த்தார், மட்கார்டைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"பதினாறு வருசமா நெளிசல் எடுத்துத்தாண்ணே பழக்கம். போட்டுப் பழக்கமில்ல."

"தயவுபண்ணிப் போட்டுருங்க."

"நான் செஞ்ச வேலைண்ணே."

"உங்களுக்கு வேலை. எனக்கு மானம்."

ஜெயபாண்டி மரச்சுத்தியலை எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓர் அடி அடித்தார். தமிழ்செல்வன் டேப் வைத்துப் பார்த்து, ஆழம் கால் இஞ்ச் குறைகிறது என்றான். இரண்டாவது அடியில் அளவு சரியாகியது. அதற்குமேல் செம்மண்ணைக் கரைத்து ஊற்றி, சிமெண்டுத் தூளைத் தூவி, வண்டி அறுபத்தைந்து கிலோமீட்டர் தேங்காய் ஏற்றி வந்தது போல ஆக்கினார்கள். ஜெயபாண்டி கடைசிவரை உதவி செய்தார். ஆனால் வண்டி கிளம்பும்போது வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பஞ்சாமிர்த டப்பாவோடு இருவரும் கணியூர் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்செல்வன் முன்யோசனையாக, இடது பக்கம் மதில் சுவரை ஒட்டி வருகிற மாதிரி வண்டியை நிறுத்தினான். நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்துதான் இருந்தது. சித்ரகலாவை அந்தப் பக்கம் இறங்கவிடாமல், டிரைவர் பக்கக் கதவு வழியாகவே வரச் சொன்னான்.

லிங்கசாமி வெளியே வந்தார். முதலில் தலையைத்தான் பார்த்தார்.

"மொட்டை உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்குதுங்க மாப்ள."

"ரொம்ப நாள் வேண்டுதலுங்க மாமா. வண்டி தாமசமாயிருச்சு, மனசுல வெச்சுக்காதீங்க."

"அதுக்கென்னங்க. ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கு ஒதவாத வண்டி எதுக்கு?"

சொல்லிக்கொண்டே அவர் அந்தச் சந்துக்குள் நுழைந்தார். சித்ரகலா பஞ்சாமிர்த டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவர் நடக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. விரல் முட்டியால் தகரத்தில் இரண்டு முறை தட்டுகிற சத்தம் கேட்டது. கணீரென்றுதான் கேட்டது. கதவு ஒரு முறை திறந்து மூடியது.

லிங்கசாமி வேட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"வண்டி நல்லா ஓடுச்சுங்களா?"

"நல்லா ஓடுச்சுங்க மாமா."

"அது போதுமுங்க. வாங்க, சாப்புடலாம்."

அவ்வளவுதான். அதற்குமேல் வண்டியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நாட்டுக்கோழிக் குழம்பு, அரிசிம்பருப்புச் சாதம், இரண்டு விதப் பொரியல். லிங்கசாமியே பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னார். போதும் போதும் என்று கையை நீட்டினாலும் விடவில்லை. தமிழ்செல்வனுக்கு ஒரு வாரமாக இறங்காத சோறு அன்றைக்கு இறங்கியது. வேலாத்தாள் குழம்பு எடுக்க உள்ளே போன நேரத்தில் சித்ரகலாவின் பக்கம் சாய்ந்தான்.

"ஒண்ணும் தெரியல பாத்தியா. நின்னு பாத்தும் தெரியல."

"சத்தமாப் பேசாதீங்க."

"எட்டு இஞ்ச் தூரத்துல நின்னு பாத்திருக்காரு சித்ரா. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பாஸ்."

உண்மையைச் சொன்னால், பயம் போன இடத்தில் கொஞ்சம் இளக்காரமும் வந்து உட்கார்ந்துகொண்டது. பாவம், தோட்டத்து மனுஷர், தேங்காய் எண்ணத் தெரியும், இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். பெரிய மனதோடு அவருக்கு இன்னொரு கரண்டி பஞ்சாமிர்தம் வைத்தான்.

கிளம்பும்போது லிங்கசாமி ஒரு சாக்கு நிறையத் தேங்காய் கட்டிக் கொடுத்தார்.

"எதுக்குங்க மாமா இதெல்லாம்? எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்றான் தமிழ்செல்வன். ஆறு வருஷத்துப் பழைய கம்பீரம் குரலில் திரும்பி வந்திருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க மாப்ள. நீங்க செஞ்சதுக்கு இதெல்லாம் ஒரு காசுக்கு ஆகாது."

கோயிலுக்குப் போய்ப் பிரசாதம் கொண்டு வந்ததைச் சொல்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

தேங்காய் மூட்டையைப் பஸ் நிற்கிற இடம் வரை கொண்டுவர, தோப்பில் வேலை பார்க்கிற தவசி கூட வந்தார். ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர். உடுமலைப் பஸ் வந்ததும் மூட்டையை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்த தமிழ்செல்வனுக்குக் கீழே வந்து தயங்கி நின்றார்.

"என்னங்க தவசி?"

"இல்லீங்க, ஐயா உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு வரச் சொன்னாருங்க."

"சொல்லுங்க."

தவசி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"வலது கதவு தாராபுரத்து மாப்பிள்ளை வண்டி கேட்டப்ப புதுசாச்சுங்க, பின்பலகை கொமரலிங்கத்து மச்சான் கேட்டப்ப புதுசாச்சுங்க, இப்ப உங்க புண்ணியத்துல எடது பக்கமும் ஆச்சு, இனி கூரை ஒண்ணுதான் பாக்கி, அதனால உங்க சொந்தத்துல கொஞ்சம் கனமான ஆளு யாராச்சும் ஊடு மாத்தறதா இருந்தா, வாடகை வண்டி வெக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்க."